பழைய வாடகை வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ரிப்பேரைப் பேசி முடியுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பார்த்திருக்கும் வாசகி ஒருவர் ரிப்பேர் பற்றி விரிவாக எழுதிக் கேட்டிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இப்போது புதுச்சேரி முதலியார்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறார்கள். கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை கிடைத்திருப்பதால் வீடு மாறுகிறார்கள். ஆறு வயது மகனுக்கு அடிக்கடி இழுப்பு (வீசிங்) வரும். மாமியாருக்கு எழுபது வயது. பார்த்திருக்கும் வீட்டின் முன்பகுதி தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், பின்பக்கச் சமையலறை மங்களூர் ஓடு. வாடகை 11,000 ரூபாய், அட்வான்ஸ் 80,000. வீட்டுக்காரர் சென்னையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். சாவி அவருடைய தங்கை மகனிடம் இருக்கிறது. ஒரு மாலை நேரத்தில் பார்த்துவிட்டு 5,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டார்கள். மறுபடி பகலில் மேஸ்திரியை அழைத்துப் போனபோதுதான் குறைகள் தெரிந்திருக்கின்றன: ஹால் மச்சில் காரை உதிர்கிறது, சமையலறை உத்தரத்தில் கரையான், வயரிங்குக்கு எர்த் இல்லை, கழிவறையில் அடைப்பு, படுக்கையறைச் சுவரில் ஓதம், அதாவது கீழிருந்து ஏறும் ஈரம். மேஸ்திரி போட்ட கணக்கு: ஹால் மேல்தளம் 38,000, சமையலறை உத்தரமும் ஓடும் 30,000, வயரிங் 32,000, கழிவறைக் குழாய் 10,000, படுக்கையறைச் சுவர் ஓதத்துக்குப் பூச்சு 15,000, பெயிண்ட் 20,000. ஆக மொத்தம் 1,45,000. "இருக்கிறபடி எடுத்துக்கோங்க. வேணும்னா நீங்களே செஞ்சுட்டு வாடகையில கழிச்சுக்கோங்க, இல்லேன்னா தீபாவளிக்கு அப்புறம் நான் பார்க்கிறேன்" என்று வீட்டுக்காரர் போனில் சொல்லியிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள் நான்கு. சட்டப்படி ரிப்பேர் எல்லாமே வீட்டுக்காரர் பொறுப்புதானே, குடிபோன பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாமா? செய்யாவிட்டால் வாடகையை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொல்கிறாரே, சரிதானா? 11 மாத ஒப்பந்தம்தான், பதிவு வேண்டாம்தானே? வேண்டாம் என்று விட்டுவிட்டால் டோக்கன் திரும்பக் கிடைக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

பகலில், மேஸ்திரியோடு, இரண்டாவது முறை போய்ப் பார்த்தீர்களே, அதுதான் இந்த விஷயத்தில் நீங்கள் செய்த மிக நல்ல காரியம். பெரும்பாலானவர்கள் பால் காய்ச்சிய பிறகுதான் மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் உங்கள் முதல் கேள்விக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. அதைச் சரிசெய்துகொண்டு மற்றவற்றுக்குப் போவோம்.

சட்டம் எதை அளவுகோலாக வைக்கிறது

நீங்கள் குடிபோகப்போவது கடலூர் மாநகராட்சி எல்லைக்குள். அங்கே செல்லுபடியாவது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது நீங்கள் இருக்கும் புதுச்சேரியில் 1969-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இரண்டும் வேறு வேறு. அங்கே கையெழுத்துப் போட்ட தாளையே நகலெடுத்து இங்கே பயன்படுத்தாதீர்கள்.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ரிப்பேரைப் பிரித்துக் கொடுக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். டேப், வாஷர், சுவிட்ச், பிளக், வாஷ்பேசின், கீசர், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு எடுப்பது ஆகியவை குடியிருப்பவர் பக்கம். இதை வைத்துப் பார்த்தால் மேஸ்திரி கணக்கிலுள்ள ஆறு இனங்களும் வீட்டுக்காரர் தலையில்தான் விழுகின்றன. அதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் 15-ஆம் பிரிவு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். குடித்தனம் ஆரம்பித்தபோது வீடு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில் வைத்திருக்க இருவரும் கடமைப்பட்டவர்கள் என்கிறது. ஆரம்ப நிலைதான் அளவுகோல். மழை வந்து ஹாலில் காரை விழும்போது நீங்கள் கேட்டால், "நீங்க வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு, பார்த்துட்டுத்தானே வந்தீங்க" என்பார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலும் இதே போக்குதான். வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த பெரிய குறையைச் சொல்லக் கடமைப்பட்டவர்தான். ஆனால் அது சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத குறைக்கு மட்டும். நீங்களோ மேஸ்திரியை வைத்தே பார்த்துவிட்டீர்கள். இனி "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

ஒப்பந்தம் ஆகாத வரை அந்த வீட்டை உங்களுக்குச் சரிசெய்து தரும் கடமை அவருக்கு இல்லை. அவர் வாடகைக்கு விடவேண்டும், உங்களுக்கு வீடு வேண்டும், அவ்வளவுதான். ஆகவே பேச வேண்டிய நேரம் இதுதான். முழு அட்வான்ஸும் கைமாறிவிட்டால் உங்களிடம் பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

உங்கள் பக்கம் ஒரு பலம் இருக்கிறது. ஆடி மாதத்தில் புது வீட்டுக்கு யாரும் குடிபோக மாட்டார்கள். ஆவணி முகூர்த்தத்தை விட்டால் புரட்டாசியிலும் பலர் தயங்குவார்கள். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டின் ஒவ்வொரு மாதமும் வீட்டுக்காரருக்கு நஷ்டம். ஆடி முடிவதற்குள் பேசி முடித்தால் வேலைக்கு நாலைந்து வாரம் கிடைக்கும்.

ஆறும் சமமல்ல

ஆறு இனங்களையும் ஒரே பட்டியலாக நீட்டினால் வீட்டுக்காரர் மொத்தத் தொகையைப் பார்த்து மிரண்டு, வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்வார். உயிருக்கு ஆபத்தானவற்றைத் தனியாகப் பிரியுங்கள். இவை முடியாமல் சாவி வாங்காதீர்கள். இவற்றுக்குப் பதிலாக வாடகையில் ஆயிரம் ரெண்டாயிரம் குறைக்கிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைந்த வாடகை காரை விழுவதைத் தடுக்காது.

முதலில் ஹால் மேல்தளம். மெட்ராஸ் டெரஸில் அடிப்பூச்சு உதிர்வது நோயின் அறிகுறிதான், நோய் மேலே இருக்கிறது. மொட்டைமாடித் தட்டோட்டின் இணைப்புகளில் விரிசல் விழுந்து, மழைநீர்த் தூம்பு இலை தழையால் அடைத்து, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டு, தண்ணீர் சுண்ணாம்புக் கலவைக்குள் இறங்கியிருக்கும். மேஸ்திரியின் 38,000 ரூபாயில் மேல்வேலை எவ்வளவு, கீழ்வேலை எவ்வளவு என்று கேளுங்கள். கீழே மட்டும் சிமெண்டால் பூசுவதாக இருந்தால் அந்தப் பணம் வீண். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், சுண்ணாம்போடு ஒட்டாது, அடுத்த மழையில் இன்னும் கனமான துண்டாக விழும். முறை இதுதான்: தூம்பைச் சுத்தம் செய்து வாட்டம் பார்ப்பது, செடியை வேரோடு எடுத்து அந்த இடத்தைக் கட்டுவது (வெறுமனே வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும்), ஓட்டு இணைப்புகளைச் சுரண்டி மறுபடி அடைப்பது, கலவை இளகியிருந்தால் அந்தப் பகுதியைப் பெயர்த்துப் போடுவது, கடைசியாகத்தான் அடிப்பூச்சு. சோதிக்கிறேன் என்று மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்த யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பழைய உத்தரத்துக்கு அந்தப் பாரம் ஆகாது.

உத்தரத்தை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். கெடுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளில். ஏணி போட்டு, சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் நுனிகூட இறங்காது. அரை அங்குலம் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. தட்டினால் டொக்கென்று வெற்றொலி வந்தாலோ, மண்கோடு தெரிந்தாலோ கரையான். உங்கள் சமையலறை உத்தரத்தைக் கரையான் அரித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே மருந்து தெளிப்பது மட்டும் போதாது. கரையான் தரையிலிருந்து வருகிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் துளை போட்டு மருந்து செலுத்த வேண்டும். பாதிக்குமேல் அரித்த உத்தரத்தை மாற்றித்தான் ஆகவேண்டும். தேக்கு விலை கட்டாது என்றால் இரும்பு ஐ பீம் போடலாம், ஆனால் கடல்காற்றுக்கு ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்துத்தான் ஏற்ற வேண்டும். மாற்றும்போது ஓடுகளை இறக்கி முட்டுக் கொடுத்துச் செய்கிறார்களா என்று பாருங்கள்.

வயரிங்கில் நான் எந்தச் சமரசமும் சொல்ல மாட்டேன். மரப்பட்டி வயரிங், இரண்டு ஓட்டை பிளக், எர்த் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓதம் ஏறும் சுவர், ஈரக் குளியலறைத் தரை, சிறு பிள்ளை, வயதானவர். இதற்குமேல் காரணம் வேண்டாம். கேட்க வேண்டியது: புது எர்த் பிட், எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) உள்ள டிபி பெட்டி (மின் பகிர்வுப் பெட்டி), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்), விளக்கு ஃபேனுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். செலவைக் குறைக்க, பழைய வயரை வைத்துக்கொண்டு ஆர்சிசிபி மட்டும் போட்டுத் தருகிறேன் என்பார்கள். பழைய வயரின் உறை தேய்ந்து சுவரில் கசியும்போது அது அடிக்கடி விழும், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும். விழுந்துகொண்டே இருந்தால் எலக்ட்ரீஷியன் அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிட்டுப் போவார். அன்றிலிருந்து வீட்டில் பாதுகாப்பு என்பதே இருக்காது. முழு வீட்டுக்கும் பணம் போதாவிட்டால் குளியலறை, சமையலறை, மோட்டார் மூன்றுக்கும் புது வயர் கட்டாயம், மற்ற அறைகள் அடுத்த கட்டம் என்று ஒத்துக்கொள்ளலாம். ஆர்சிசிபியில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும்.

கழிவறைக்கு மேஸ்திரி குழாய் மாற்றச் சொல்கிறார். அதற்குமுன் செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் நிரம்பியிருந்தால் புதுக் குழாயும் மெதுவாகத்தான் இறங்கும். கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். எடுப்பதானால் லாரி வைத்துத்தான் எடுக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் கழிவு அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரும் போகும். கடலூரில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும்போது டேங்க் எதிர்த்துக்கொள்வதும் உண்டு. பக்கத்து வீட்டில் விசாரித்தால் அது தெரிந்துவிடும். அப்படியே 2015 மழையிலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்றும் கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரரைவிட எதிர்வீட்டு அம்மா இதைச் சரியாகச் சொல்வார்.

மீதி இரண்டையும் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. படுக்கையறையில் இரண்டடி, மூன்றடி உயரத்துக்கு ஏறியிருக்கும் ஓதம் அஸ்திவாரத்திலிருந்து வருவது. வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது அதனால்தான். 15,000 ரூபாய்க்குச் சிமெண்டால் பூசினால் ஈரம் இன்னும் ஓரடி மேலே ஏறி வெளிப்படும். சிமெண்டை உரித்துச் சுண்ணாம்புப் பூச்சுப் போட்டால் குறையும், ஆனால் அடியோடு நிற்காது. அந்த அறையைப் பையனுக்குக் கொடுக்காதீர்கள். ஈரச்சுவரில் பூக்கும் பூஞ்சணம் இழுப்பைக் கிளப்பும். அங்கே பீரோ வைத்தால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பெயிண்டும் இப்போது வேண்டாம். புதுப் பூச்சு காயாமல் அடித்தால் உரியும். "பெயிண்டைத் தை மாதம் பார்த்துக்கலாம் சார்" என்று நீங்களே சொன்னால், பேச்சில் நீங்கள் ஒன்றை விட்டுக்கொடுத்ததாகவும் இருக்கும்.

தீபாவளிக்குப் பிறகு செய்கிறேன் என்பதை ஏற்காதீர்கள். அது வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி. அப்போது மாடி ஓடுகளைப் பெயர்க்க எந்த மேஸ்திரியும் வர மாட்டார். பொங்கல்வரை நீங்கள் அந்த மச்சுக்குக் கீழேதான் படுத்திருப்பீர்கள்.

பணம் யார் கையிலிருந்து போகிறது

கட்டாயமான நான்கும் சேர்த்து 1,10,000 ரூபாய். வீட்டுக்காரரே செய்து கொடுத்தால் நல்லது. ஓய்வூதியத்தில் இருப்பவர், கையில் மொத்தமாக இல்லை என்று சொல்லக்கூடும். "வாடகையில கழிச்சுக்கோங்க" என்று அவர் சொன்னது தாராளமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டிய ரிப்பேரைச் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ள 15-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் ஒரு மாதத்தில் கழிப்பது வாடகையில் பாதிக்குமேல் போகக்கூடாது. உங்களுக்கு அது 5,500 ரூபாய். 1,10,000 ரூபாயைக் கழித்து முடிக்க 20 மாதம். ஒப்பந்தமோ 11 மாதம். அதற்குள் 60,500 ரூபாய்தான் திரும்பும். 49,500 ரூபாய் அவரிடம் நிற்கும்போது ஒப்பந்தம் முடிந்துவிடும்.

இதைவிட நல்ல வழி அட்வான்ஸைப் பயன்படுத்துவது. எப்படியும் 80,000 ரூபாய் கொடுக்கப் போகிறீர்கள். டோக்கன் 5,000 போக மீதி 75,000. அதில் மேல்தளத்துக்கான 38,000-ஐயும் வயரிங்குக்கான 32,000-ஐயும் வீட்டுக்காரர் சார்பாக மேஸ்திரிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் நேராகக் கொடுத்துவிடுங்கள். அந்த 70,000 ரூபாயை அட்வான்ஸாகப் பெற்றுக்கொண்டதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சாவி வாங்கும்போது மீதி 5,000. காலி செய்யும்போது அவர் திருப்பித் தரவேண்டியது முழு 80,000. உங்கள் கையிலிருந்து கூடுதலாக ஒரு ரூபாயும் போகவில்லை, வாடகையில் கழிக்கும் கணக்கும் இல்லை, பணம் வேலைக்குத்தான் போகிறது என்பதும் உறுதி. சமையலறைக்கும் கழிவறைக்குமான 40,000 அவர் பொறுப்பு. அதுவும் முடியாது என்றால் அதை மட்டும் நீங்கள் செலவழித்து மாதம் 5,000 வீதம் எட்டு மாதத்தில் கழிக்கலாம். 11 மாதத்துக்குள் முடிந்துவிடும், பாதி வாடகை என்ற வரம்புக்குள்ளும் இருக்கும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அட்வான்ஸ் செலவாகிவிட்டதால், நீங்கள் காலி செய்யும் நாளில் அவர் கையில் பணம் இல்லாமல் போகலாம். அதனால் அட்வான்ஸை உயர்த்திக் கேட்டால் சம்மதிக்காதீர்கள். சட்டம் சொல்லும் பொதுவரம்பு மூன்று மாத வாடகை, அதாவது 33,000. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதிகம் வாங்கலாம் என்பதால் 80,000 கேட்டதே சட்டவிரோதம் என்று சண்டைக்குப் போக முடியாது. ஆனால் பேச்சில் அந்த வரம்பை மரியாதையாக நினைவுபடுத்தலாம்.

எப்படிப் பேசுவது, எதை எழுதி வாங்குவது

தங்கை மகனிடம் பேரம் பேசாதீர்கள். சாவி வைத்திருப்பவர் தரும் வாக்கு வீட்டுக்காரரைக் கட்டாது. அதோடு பழைய வீடுகளில் அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியாமல் இருப்பது சகஜம். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். கையெழுத்து அவருடையதாகவோ, பதிவு செய்த பவர் (அவர் சார்பாகச் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) வைத்திருப்பவருடையதாகவோ இருக்க வேண்டும். மின்கட்டண பாக்கி இல்லை என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

அவரை ஒருமுறை போனில் அழைத்துப் பேசிவிட்டு, பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம் சார். வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆவணியில் குடிவர விரும்புகிறோம். பகலில் பார்த்தபோது ஹால் மச்சில் காரை உதிர்வது, சமையலறை உத்தரத்தில் கரையான், எர்த் இல்லாத வயரிங், கழிவறை அடைப்பு ஆகியவை தெரிந்தன. படங்களும் மேஸ்திரி கணக்கும் இணைத்திருக்கிறேன். சின்னப் பையனும் அத்தையும் இருப்பதால் இந்த நான்கும் முடிந்த பிறகே குடிவர முடியும். பெயிண்டும் படுக்கையறைப் பூச்சும் இப்போது வேண்டாம். அட்வான்ஸ் தொகையிலிருந்தே மேல்தளம், வயரிங் வேலைகளைத் தொடங்கச் சம்மதமா என்று தெரிவியுங்கள் சார்." இதில் மிரட்டல் இல்லை. ஆனால் தேதி, குறை, படம், அவர் பதில் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். அவர் வேறு மேஸ்திரியின் கணக்கு கேட்டால் சந்தோஷமாகச் சம்மதியுங்கள். அவர் வைத்த ஆளே செய்தால் பிறகு தரம் பற்றி உங்கள்மேல் பழி வராது.

ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்:

• வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றின் தொகை, முடிக்கும் தேதி. "தேவையான ரிப்பேர்கள் செய்து தரப்படும்" என்ற பொதுவாக்கியம் போதாது. தேக்கு உத்தரமா, ஐ பீமா, எத்தனை, எந்த அளவு வயர் என்பதுவரை எழுதுங்கள்.

• வேலை முடிந்து சாவி கொடுக்கும் நாளிலிருந்துதான் வாடகை ஓடும்.

• நேராகக் கொடுத்த தொகை அட்வான்ஸின் பகுதி, முழுதாகத் திருப்பித் தரவேண்டியது. வாடகையில் கழிக்கும் தொகை இருந்தால் மாதம் எவ்வளவு, இடையில் காலி செய்தால் கழியாத மீதியை அட்வான்ஸோடு தரவேண்டும்.

• சாவி வாங்கும் நாளில் எடுத்த படங்கள் இணைப்பு. படுக்கையறை ஓதம், தரை விரிசல் என நீங்கள் விட்டுக்கொடுத்த குறைகளும் அதில் வரவேண்டும். இல்லாவிட்டால் காலி செய்யும்போது அவை உங்கள் கணக்கில் எழுதப்பட்டு அட்வான்ஸிலிருந்து பிடிக்கப்படும்.

"இருக்கிற நிலையில் ஏற்றுக்கொண்டேன்" என்றோ, "எல்லா ரிப்பேரும் வாடகைதாரர் பொறுப்பு" என்றோ டைப்பிஸ்ட் வைத்திருக்கும் மாதிரித் தாளில் வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி மேலே சொன்ன எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

11 மாதமானால் பதிவு வேண்டாம் என்பது இன்னொரு தவறான எண்ணம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற விதியைத் தவிர்க்கத்தான் 11 மாதப் பழக்கம் வந்தது. 2017 சட்டப்படி, அதற்கென நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு விஷயம். எத்தனை மாத ஒப்பந்தமானாலும் அங்கே பதிந்து எண் வாங்க வேண்டும். தமிழக அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதியாத ஒப்பந்தத்தைக் காட்டி உரிமை கேட்பது கஷ்டம். இவ்வளவு பணத்தை முன்கூட்டியே இறக்கும் நீங்கள் இதில் சோம்பக்கூடாது.

வாடகையை நிறுத்துவது, டோக்கன்

ரிப்பேர் செய்யாவிட்டால் வாடகையை நிறுத்திவிடலாம் என்று உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்தாலே காலி செய்யச் சொல்லி வழக்குப் போட அவருக்கு வழி கிடைத்துவிடும். செய்ய வேண்டியது, எழுத்தில் கேட்பது, நியாயமான அவகாசம் கொடுப்பது, பிறகு செய்துவிட்டுப் பாதி வரம்புக்குள் கழிப்பது. மீதி வாடகை வங்கி மூலம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ரிப்பேர் இல்லாமல் குடியிருக்கவே முடியாது என்ற நிலை வந்து, எழுத்தில் கேட்டும் அவர் மறுத்தால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து வெளியேறும் உரிமை உங்களுக்கு உண்டு. தகராறில் அவர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் உடனே மனுக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆட்கள் இருக்கும்போது செய்ய முடியாத பெரிய ரிப்பேர், இடித்துக் கட்டுவது ஆகிய காரணங்களைக் காட்டி வீட்டுக்காரர் காலி செய்யக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. குடிபோன பிறகு மச்சு முழுவதும் மோசம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அதுவே அவருக்குச் சாதகமாகலாம். பெரிய வேலையைக் குடிபோகும் முன்பே முடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டோக்கனுக்கு வருவோம். ரசீதிலோ செய்தியிலோ "திருப்பித் தரப்படாது" என்று இல்லையென்றால் கேட்பதில் தவறே இல்லை. மாலையில், வீட்டில் மின்சாரம் இல்லாத நேரத்தில் காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறிப்பிட்டு, பகலில் தெரிந்த குறைகளைச் சரிசெய்யச் சம்மதம் இல்லாததால் எடுக்கவில்லை என்று எழுதிக் கேளுங்கள். எடுக்கப்போவதில்லை என்று முடிவானால் உடனே சொல்லிவிடுங்கள். இன்னொருவருக்கு விட அவருக்கு நேரம் இருக்கும்போது பணம் எளிதாகத் திரும்பும். தராவிட்டால் 5,000 ரூபாய்க்காக வழக்குக்குப் போக நான் சொல்ல மாட்டேன். அந்த 5,000 போய்விடுமே என்ற கவலையில் மீதி 75,000-ஐக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பெரிய இழப்பு.

அவர் மேல்தளத்துக்கும் வயரிங்குக்கும் சம்மதித்து, சமையலறை உத்தரத்தை மட்டும் தள்ளிப்போட்டால், அதை மாற்றும்வரை சமையலறையைப் பூட்டிவைத்து முன்பகுதியிலேயே அடுப்பு வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மாதங்களுக்கு வாடகையைக் குறைத்து எழுதி வாங்கலாம். மேல்தளத்துக்கோ வயரிங்குக்கோ மறுத்தால் வேறு வீடு பாருங்கள். திருப்பாதிரிப்புலியூர், புதுப்பாளையம் பக்கமும் தேடலாம், கணவரின் வேலைக்குப் போக்குவரத்து அங்கிருந்தும் சிரமமாகாது. எந்த வீடானாலும் இதே மேஸ்திரியையும், உரிமம் பெற்ற ஒரு எலக்ட்ரீஷியனையும் டோக்கன் கொடுப்பதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் அழைத்துப் போங்கள்.